மூடியைக் கழற்றும் வரை: தனக்குத் தானே ஊசி போட அஞ்சிய ஒருவரின் நிகழ்வு ஆய்வு

இவருக்கு வயது 38. நோய் அன்கைலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ், அதாவது முதுகெலும்பின் மூட்டுகளை மெல்ல இறுக வைக்கும் அழற்சி. காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்கு இடுப்பு வளையாது. வலி மாத்திரைகள் போதாமல் போனதும் வாதநோய் மருத்துவர், நோய் எதிர்ப்பை அடக்கி அழற்சியைத் தணிக்கும் அடாலிமுமாப் ஊசி எழுதிக் கொடுத்தார். 40 மில்லிகிராம், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, தோலுக்கடியில். காசநோய்ப் பரிசோதனை முதலிய முன்சோதனைகள் முடிந்து மருந்து கைக்கு வந்த அன்று என்னிடம் அனுப்பிவைத்தார்கள். வீட்டில் ஊசி போட்டுக்கொள்ளக் கற்றுக்கொடுப்பது என் வேலை. வழக்கமாக அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். இவருக்குப் பல மாதம் பிடித்தது. அதில் முதல் இரண்டு மாதம் வீணானதற்குக் காரணம் நான்தான்.

அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

"மனைவி போடுவார்"

முதல் நாள் மனைவியோடு வந்திருந்தார். கொடுத்திருந்தது பேனா வகை ஊசி. ஊசிமுனை உள்ளே மறைந்திருக்கும். தொடையில் வைத்து அழுத்திப் பொத்தானைத் தட்டினால், உள்ளிருக்கும் ஸ்பிரிங் ஊசியையும் மருந்தையும் தானே செலுத்திவிடும். ஊசி கண்ணில் படாது என்பதால் பயந்தவர்களுக்கு இதுதான் தோது என்று நாங்கள் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த காலம் அது.

பயிற்சிப் பேனாவைத் திண்டில் அழுத்திப் பார்த்தபோது அவருக்கு ஒரு சிக்கலும் இல்லை. நிஜப் பேனாவைத் தொடையில் வைத்ததும் கை நின்றுவிட்டது. நெற்றி வியர்த்தது. ஐந்து நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்துவிட்டு, பேனாவை மேஜைமேல் வைத்தார். "அவ கத்துக்கட்டும் சிஸ்டர். அவ போட்டா எனக்கு ஒண்ணும் தெரியாது."

மனைவிக்குச் சொல்லிக்கொடுத்தேன். பத்து நிமிடத்தில் பிடித்துக்கொண்டார். அன்றைய ஊசியையும் அவரே போட்டார். கேஸ் ஷீட்டில் 'மனைவி போடுவார்' என்று எழுதிக் கையெழுத்திட்டு அடுத்தவரைக் கூப்பிட்டேன். வெளியே வரிசை நின்றிருந்தது என்பது உண்மை. ஆனால் அந்த இரண்டு சொல்லை எழுதும்போது நான் ஒரு பிரச்சினையைத் தீர்த்ததாகத்தான் நினைத்தேன். இப்போது யோசித்தால், அவருடைய பயத்துக்கு ஒரு வேலையாளை அமர்த்திக் கொடுத்திருக்கிறேன்.

நான்கு ஊசிகள் அப்படியே போயின. முதுகு நன்றாக இளகியது. எட்டாவது வாரம் மனைவி வேலை நிமித்தம் மூன்று வாரம் வெளியூர் போக வேண்டிவந்தது. அந்த வாரத்து ஊசி போடப்படவில்லை. பேனாவை ஃபிரிட்ஜிலிருந்து எடுப்பார், அரை மணி நேரம் முன்னால் வைத்துப் பார்ப்பார், திரும்ப உள்ளே வைப்பார். மூன்று நாள் இப்படி. நான்காம் நாளிலிருந்து எடுப்பதையும் விட்டுவிட்டார். பதினோராவது வாரம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றபோதுதான் எனக்கு விஷயம் தெரியும். மருத்துவர் கேட்டபோது 'மறந்துட்டேன்' என்று சொல்லியிருக்கிறார். விட்டு விட்டுப் போட்டால் உடல் இந்த மருந்தையே எதிர்க்கும் புரதங்களை உண்டாக்கிக்கொண்டு, மருந்து வேலை செய்யாமல் போகும் வாய்ப்பு கூடும். அதனால் இதை இனி தள்ளிப்போட முடியாது என்றாயிற்று.

மூச்சுப்பயிற்சி சொல்லி மயங்க வைத்த கதை

எங்கள் பிரிவில் உளவியலாளர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் நேரம் வாங்கிக் கொடுத்துவிட்டு, அதுவரை சும்மா இருப்பானேன் என்று நானே தொடங்கினேன். கண்ணை மூடுங்கள், மெதுவாக மூச்சை இழுங்கள், தோளைத் தளர விடுங்கள், உடம்பு முழுக்கத் தளரட்டும். நன்றாகச் செய்தார். முகம் அமைதியானது. "இப்ப கண்ணைத் திறந்து இதைப் பாருங்க" என்று உறை பிரித்த சிரிஞ்சைக் காட்டினேன்.

முதலில் கன்னம் சிவந்தது. பிறகு உதடு வெளுத்தது. "சிஸ்டர், காது அடைக்குது" என்றவர் நாற்காலியிலேயே சரிந்தார். படுக்க வைத்துக் காலை உயர்த்தியதும் ஒரு நிமிடத்துக்குள் தெளிந்துவிட்டார். நாடியைப் பிடித்தபோது 50-க்குச் சற்று மேல்தான் துடித்தது.

அதற்குப் பிறகுதான், முதல் நாளே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன். இதற்கு முன் மயங்கியது உண்டா? உண்டு. பதினோரு வயதில் இரத்தம் எடுத்தபோது ஒரு முறை, பிறகு நண்பருக்குக் கையில் அடிபட்டு இரத்தம் கொட்டியதைப் பார்த்தபோது ஒரு முறை. வீட்டில் வேறு யாருக்காவது? "அப்பாவுக்கு. இரத்தத்தைப் பார்த்தா விழுந்துடுவார்."

பெரும்பாலான பயங்களில் மனிதன் மயங்குவதில்லை. பாம்பைக் கண்டால், உயரத்தில் நின்றால், இதயம் படபடக்கிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது. அழுத்தம் ஏறிய நிலையில் மயக்கம் வராது. இரத்தம், ஊசி, காயம் ஆகியவற்றின் மீதான பயம் மட்டும் வேறு சாதி. நாடியும் அழுத்தமும் முதலில் ஏறி, பிறகு திடீரென்று சரிகின்றன. மூளைக்குப் போகும் இரத்தம் குறைந்து ஆள் சாய்கிறார். குடும்பத்தில் தொடர்ந்து வரும் தன்மையும் இந்த வகைக்கு அதிகம். இப்படிப்பட்டவரிடம் 'உடம்பைத் தளர விடுங்கள்' என்று சொல்வது, சரியப்போகும் அழுத்தத்தைப் பிடித்து இன்னும் கீழே தள்ளுவதற்குச் சமம். பாடத்தில் படித்ததுதான். நினைவில் இருந்திருக்க வேண்டும்.

உளவியலாளர் வந்ததும் தலைகீழாக மாற்றினார். சுவீடனைச் சேர்ந்த லார்ஸ்-யோரான் ஓஸ்ட் என்ற உளவியலாளரும் அவருடன் பணியாற்றியவரும் 1987-இல் விவரித்த தசை இறுக்கும் முறை அது. கை, கால், வயிற்றுத் தசைகளை ஒரே நேரத்தில் இறுக்கி, முகத்தில் சூடு ஏறுவது தெரியும் வரை 10 முதல் 15 நொடி பிடிக்க வேண்டும். பிறகு விட வேண்டும், ஆனால் துவண்டு போகிற அளவுக்கு விடாமல், சாதாரணமாக உட்கார்ந்திருக்கும் நிலை வரைக்கும் மட்டும். 20, 30 நொடி கழித்து மறுபடி. இப்படி ஐந்து முறை. நோக்கம் இரத்த அழுத்தத்தை விழவிடாமல் தாங்குவது. தினமும் செய்து பழகச் சொன்னோம். ஊசி போகும் தொடையை மட்டும் கடைசியில் இளக்கிக்கொள்ள வேண்டும். இறுகிய தசைமேல் குத்தினால் வலி கூடும்.

பத்து நாள் கழித்து அதே சிரிஞ்சை அதே நாற்காலியில் காட்டினோம். வியர்த்தார், பல்லைக் கடித்தார், ஆனால் சரியவில்லை. மயங்கிவிடுவோமோ என்ற பயம் அந்த நாளோடு பாதி குறைந்தது என்று பின்னால் அவரே சொன்னார். ஊசிப்பயத்துக்குள் மயக்கப்பயம் என்று ஒன்று ஒளிந்திருந்தது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

ஒரு தாளும் அதில் நான் கவனிக்காத ஒரு வரியும்

அடுத்து, பயத்தைப் படிப்படியாக எழுதச் சொன்னார் உளவியலாளர். எந்தக் காரியம் எவ்வளவு கலக்கம் தருகிறது என்று 0 முதல் 100 வரை எண் போட வேண்டும். பயத்துக்குப் படிப்படியான சிகிச்சையை வகுத்த மனநல மருத்துவர் ஜோசப் வோல்பி காலத்திலிருந்து புழங்கும் எளிய அளவுகோல்தான். அவர் எழுதியது ஏறக்குறைய இப்படி இருந்தது: மூடியோடு பேனாவைக் கையில் பிடிப்பது 30. கையில் வேறொருவர் ஊசி போடுவது 35. மனைவி தொடையில் போடுவது 45. சாதாரண சிரிஞ்சால் தானே மெல்லக் குத்திக்கொள்வது 60. மூடி கழற்றிய பேனாவைத் தொடையில் வைத்துக்கொண்டிருப்பது 90. பொத்தானைத் தட்டுவது 100.

இந்த வரிசையில் ஒரு விநோதம் இருக்கிறது. ஊசி கண்ணுக்குத் தெரியும் சிரிஞ்ச் 60. ஊசியே தெரியாத பேனா 100. தாள் என் மேஜைமேல் இருந்தது. நான் படித்தேன். 'சிரிஞ்ச் கையில் வந்தால் எண் ஏறிவிடும், இப்போது சும்மா எழுதுகிறார்' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

படிகளில் ஏறத் தொடங்கினோம். திண்டில் நூறு முறையாவது குத்தியிருப்பார். நானும் என் தொடையில் மெல்லிய ஊசி ஒன்றை அவர் கண்ணெதிரில் ஏற்றிக் காட்டினேன். தோலின் தடிமன் இரண்டு மில்லிமீட்டர் அளவுதான், இன்சுலின் பேனாவில் இன்று 4 மில்லிமீட்டர் ஊசியே பெரும்பாலோருக்குப் போதுமானதாக இருக்கிறது என்று சொன்னபோது நம்பாமல் பார்த்தார். அவர் மனதில் ஊசி என்றால் விரல் நீளம்.

வலியைக் கூட்டிய அற்பக் காரணங்கள் இரண்டைக் கண்டுபிடித்தோம். மனைவி போட்ட நாட்களில் மருந்து ஃபிரிட்ஜிலிருந்து நேராகத் தொடைக்குப் போயிருக்கிறது. குளிர்ந்த மருந்து கடுக்கும். மூடியோடு 15 முதல் 30 நிமிடம் வெளியே வைத்தால் போதும். வெந்நீரில் போடவோ வேறு எப்படியும் சூடாக்கவோ கூடாது. அடுத்தது ஸ்பிரிட். துடைத்த ஈரம் காயுமுன் குத்தினால் சுருக்கென்று எரியும். இரண்டையும் திருத்தியதும், அடுத்த முறை மனைவி போட்டபோது, "வேற மருந்தா?" என்று கேட்டாராம்.

ஆனால் அந்த அரை மணி நேரம் புதுத் தலைவலியாகிவிட்டது. பேனாவை முன்னால் வைத்துக்கொண்டு பார்த்தபடியே உட்கார்ந்தால் பயம் வளர்கிறது. செல்போனில் அலாரம் வைத்துவிட்டு அறையை விட்டே போய்விட வேண்டும், துணி மடிக்க வேண்டும், என்ன வேலையாவது செய்ய வேண்டும் என்று ஏற்பாடு.

ஒண்ணு, ரெண்டு, ரெண்டரை

முதல் முறை அவராகவே போட்டுக்கொண்டது எங்கள் அறையில், சாய்வு நாற்காலியில். மூடியைக் கழற்றியதிலிருந்து பொத்தானைத் தட்டியது வரை 22 நிமிடம். உளவியலாளர் குறுக்கே பேசக் கூடாது என்று எனக்குக் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். 'ஒண்ணும் ஆகாது, போடுங்க' என்று வாயெடுக்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்று தெரிந்தது.

அந்த 22 நிமிடத்தில் அவர் என்ன செய்தார் என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். காலாவதித் தேதியைப் பார்த்தார். மருந்து தெளிவாக இருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். தொடையில் வைத்தார். "ஒண்ணு, ரெண்டு..." என்று எண்ணினார். மூன்று வரவில்லை. எடுத்தார். மறுபடி தேதி பார்த்தார். இடத்தை அரை அங்குலம் தள்ளினார். "ஒண்ணு, ரெண்டு, ரெண்டரை..." எனக்குச் சிரிப்பு வந்தது, அவருக்கும் வந்தது, ஆனாலும் மூன்று வரவில்லை. எண்ணிக்கை தைரியத்துக்காகத் தொடங்கியது. இப்போது அதுவே ஒளிந்துகொள்ளும் இடமாகிவிட்டது. ஒவ்வொரு முறை கையை எடுக்கும்போதும் ஒரு நிம்மதி கிடைக்கிறது. அந்த நிம்மதிதான் பயத்துக்குக் கிடைக்கும் கூலி.

கடைசியில் போட்டுவிட்டார். முடிந்ததும் தாளில் எழுதினார். எதிர்பார்த்த வலி 10-க்கு 8, வந்த வலி 2.

அன்று ஒரு விதி வகுத்தோம். சோதிப்பது, இடம் பார்ப்பது, தசை இறுக்குவது, 'இன்று வேண்டுமா' என்று யோசிப்பது, எல்லாம் மூடியைக் கழற்றுவதற்கு முன்னால். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். மூடி போன பிறகு யோசனைக்கு இடமில்லை. எண்ணுவதும் கிடையாது. ஒரு மூச்சு விட்டு, அது முடியும் இடத்தில் அழுத்துவது. மூடி திறந்த ஊசியை உடனே பயன்படுத்த வேண்டும் என்பது மருந்துத் தாளிலேயே உள்ள விதி. அதை அவருடைய பயத்துக்கும் விதியாக்கிவிட்டோம்.

அடுத்தது வீட்டில், மனைவி பக்கத்து அறையில். 9 நிமிடம்.

அதற்கடுத்தது கெட்டுப்போனது. பொத்தானைத் தட்டியதும் 'டக்' என்று ஸ்பிரிங் தட்டிய சத்தத்தில் கை தானாக உதறிவிட்டது. பேனா தொடையை விட்டு எழும்பி, மருந்து பாதி தொடைமேல் வழிந்தது. நல்லவேளையாக, சொல்லியிருந்தபடி இன்னொன்றை எடுத்துப் போடாமல் எங்களைக் கூப்பிட்டார். எவ்வளவு உள்ளே போயிற்று என்று தெரியாதபோது தானாக மறுடோஸ் போடக் கூடாது. மருத்துவர் சொல்வதைத்தான் கேட்க வேண்டும். விலை உயர்ந்த மருந்து வீணான குற்ற உணர்ச்சி வேறு. "எனக்கு இது சரிப்படாது சிஸ்டர். அவளே போடட்டும்" என்றார்.

மனைவி சொன்னது

தம்பதி இருவரும் வந்திருந்தார்கள். அவர் பிரஷர் பார்க்க உள்ளே போன சமயம் மனைவி தணிந்த குரலில் சொன்னார்: "எனக்கும் கை நடுங்கும் சிஸ்டர். ஒவ்வொரு தடவையும். அவருக்குத் தெரியாது. தெரிஞ்சா அவர் இன்னும் பயந்துடுவார்னு காட்டிக்கறதில்ல."

நான்கு ஊசி சுலபமாகப் போயிற்று என்று நான் எழுதி வைத்திருந்தேன். சுலபமாகப் போகவே இல்லை. பயம் ஒருவர் தொடையிலிருந்து இன்னொருவர் கைக்கு இடம் மாறியிருந்தது, அவ்வளவுதான்.

அவர் திரும்பி வந்ததும், உளவியலாளர் ஊசியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. 'பொத்தானைத் தட்டப்போகும் நொடியில் மனசுல என்ன ஓடுது?' என்று மட்டும் கேட்டார். வெகுநேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "தட்டிட்டா அப்புறம் என் கையில இல்ல சார். அது பாட்டுக்குப் பாயும். நடுவுல நிறுத்த முடியாது."

எனக்கு அந்தத் தாள் நினைவுக்கு வந்தது. எடுத்து விரித்தேன். சிரிஞ்ச் 60, பேனா 100. இரண்டு மாதமாக என் கோப்பில் இருந்த பதில். இவர் அஞ்சியது ஊசிக்கு அல்ல, வலிக்கும் அல்ல. தன்னை மீறிப் பாயும் ஒன்றைத் தானே அவிழ்த்துவிடுவதற்கு. மனைவி போட்டபோது அந்தப் பொறுப்பு அவருடையதல்ல என்பதால் தாங்க முடிந்தது. ஊசியை மறைத்து அவருக்கு உபகாரம் செய்ததாக நினைத்த நாங்கள், அவர் பயந்த ஸ்பிரிங்கையே கையில் கொடுத்திருந்தோம்.

மற்றவர்களுக்கு இது பொருந்தும் என்று சொல்லவில்லை. ஊசிமுனையைப் பார்க்கவே முடியாதவருக்குப் பேனாதான் வரம். விரல் மூட்டுகள் வீங்கியவருக்குச் சிரிஞ்சின் தண்டைத் தள்ளுவதே பாடு. சிலருக்குப் பயம் வலி மேல். அவர்களுக்கு மரத்துப்போகச் செய்யும் களிம்பை மருத்துவரைக் கேட்டு ஒரு மணி நேரம் முன்பே தடவினால் பாதி வலி தீர்ந்துவிடும். தவறாகப் போட்டுவிடுவோமோ என்று பயப்படுபவருக்குத் தேவை கூடுதல் பயிற்சி. 'ஊசிப்பயம்' என்று ஒரே சொல்லில் கேஸ் ஷீட்டில் எழுதிவிடுகிறோம். உள்ளே போய்ப் பார்த்தால் ஒவ்வொருவருக்கும் வேறு வேறு.

சிரிஞ்ச்

மருத்துவரிடம் பேசி, அதே மருந்து, அதே அளவு, முன்கூட்டியே நிரப்பிய சிரிஞ்சாக மாற்றினோம். முதலில் மருத்துவர் மேற்பார்வையில் சலைன் போட்டுப் பழக்கம். தோலை மடித்துப் பிடித்து, 45 டிகிரி சாய்த்து, ஊசியை ஏற்றி, தண்டைத் தள்ளுவது. பாதியில் நிறுத்தச் சொன்னோம். நிறுத்தினார். மறுபடி தள்ளச் சொன்னோம். தள்ளினார். நிறுத்த முடிகிறது என்று கை உணர்ந்ததும் முகம் மாறியதை நான் பார்த்தேன். "பேனா என்னைக் கேக்காம சுடுது. இது நான் தள்ளினாதான் போகுது" என்றார்.

முதல் நிஜ ஊசி: மூடியிலிருந்து முடிவு வரை 4 நிமிடம். அதற்கடுத்தது 2. மனைவி முதலில் அறைக்குள், பிறகு வாசலில், பிறகு வெளியே. மனைவி ஊரில் இல்லாத ஒரு நாளிலும் போட்டார். இடது தொடை, வலது தொடை, தொப்புளைச் சுற்றி ஐந்து சென்டிமீட்டர் விட்டு வயிறு, இப்படி இடத்தை மாற்றி மாற்றிப் போட ஒரு சிறு படம் வரைந்து வைத்திருந்தார். போட்டு முடித்த ஊசியை மூடாமல் நேராகக் கனத்த பிளாஸ்டிக் டப்பாவில் போடுவார். தனியாகப் போடும் நாட்களில் சாய்ந்துதான் உட்கார வேண்டும், நின்றபடி கூடாது என்ற கட்டுப்பாட்டை மட்டும் நாங்கள் தளர்த்தவே இல்லை. மயக்கம் வரும் உடம்பு அது.

வலிக்கணக்கில் ஒன்று என்னைக் கவர்ந்தது. வந்த வலி ஒவ்வொரு முறையும் 1 அல்லது 2. எதிர்பார்த்த வலி மட்டும் 8, 7, 7, 6 என்று நொண்டி நொண்டித்தான் இறங்கியது. மனம் கண்முன் உள்ள கணக்கை அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்வதில்லை.

நடுவில் ஒரு சறுக்கல். காய்ச்சலும் இருமலும் வந்ததால் அந்த டோஸை மருத்துவர் தள்ளிப்போடச் சொன்னார். நோய்த்தொற்று இருக்கும்போது நோய் எதிர்ப்பை அடக்கும் இந்த வகை மருந்தைப் போடக் கூடாது. ஒரு மாத இடைவெளிக்குப் பிறகு உட்கார்ந்தபோது 20-க்கு இறங்கியிருந்த கலக்கம் 55-க்கு ஏறியிருந்தது. 7 நிமிடம். அவர் பயந்து போய்க் கூப்பிட்டார், எல்லாம் பழையபடி ஆகிவிட்டதோ என்று. இடைவெளி விட்டால் இப்படி ஏறுவது சகஜம், அடுத்த ஊசியைத் தேதி தவறாமல் போடுங்கள் என்று மட்டும் சொன்னோம். அடுத்த முறை 25.

மீதம் இருப்பது

கடைசியாகப் பார்த்தபோது ஆறு மாதமாகத் தானே போட்டுக்கொண்டிருந்தார். காலை இறுக்கம் கால் மணி நேரத்துக்குக் குறைந்திருந்தது. மூடி கழற்றினால் ஒரு நிமிடத்துக்குள் வேலை முடிகிறது. கலக்கம் 15-இல் நிற்கிறது. பூஜ்யம் ஆகவில்லை, ஆக வேண்டும் என்று நாங்கள் கேட்கவும் இல்லை.

இரத்தப் பரிசோதனை மட்டும் இன்னும் பழைய கதைதான். இந்த மருந்து போடுபவர்களுக்கு அவ்வப்போது இரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். அன்று அவரே ஆய்வகத்தில் போய், "நான் மயங்குற ஆள், படுக்க வச்சு எடுங்க" என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார். எடுக்கும் கையைத் தளர்த்திக்கொண்டு, மறு கையையும் இரண்டு காலையும் இறுக்கிக்கொண்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறார். போன முறை நான் பக்கத்தில் நின்றிருந்தேன். முடிந்ததா என்று சுவரைப் பார்த்தபடியே இரண்டு தடவை கேட்டார்.